இருவருக்கும் ஒரே மூச்சு

காரைக்காலில் ஐப்பசி பிறந்துவிட்டால் ஆகாயம் எது, பூமி எது என்று தெரியாதபடி மழை கொட்டத் தொடங்கிவிடும். அரசலாறு கரை தொட்டு ஓடும். சுவர்களில் பாசி படரும். மடித்து வைத்த துணிகளில் பூஞ்சை வாடை வீசும். வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் இருமிக்கொண்டிருப்பார். அத்தகைய ஐப்பசி இரவொன்றில், மணி இரண்டு இருக்கும், நம் வீட்டுக் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

திறந்து பார்த்தால், இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் அம்மாள் குடைகூட இல்லாமல் மழையில் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சரம்மா! மருமவளுக்கு மூச்சு விட முடியலை. பையனும் ஊர்லே இல்லை. கொஞ்சம் காரை எடுங்கம்மா!" என்று கதறினார்.

அந்த மருமகள் நம்மிடம் படித்த பெண். சிறு வயது முதலே இழுப்பு நோய் உள்ளவள். அப்பொழுது அவளுக்கு ஆறாவது மாதம். நாம் ஓடிப் போய்ப் பார்த்தபோது கட்டிலின் ஓரத்தில் இரு கைகளையும் முழங்கால்களில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் ஏறி இறங்கின. மார்பிலிருந்து கிளம்பிய சீழ்க்கை போன்ற ஓசை வாசல் வரையில் கேட்டது. "டீச்சர்..." என்று ஆரம்பித்தாள், அடுத்த வார்த்தை வரவில்லை.

அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, "இன்ஹேலர் எங்கே?" என்று மாமியாரைக் கேட்டோம்.

"அரிசிப் பானைக்குள்ளே போட்டு வச்சிருக்கேன் டீச்சரம்மா. வயித்துப் புள்ளைக்கு ஆவாதுன்னுதானே..." என்று அவர் விம்மினார்.

நேயர்கள் அந்த அம்மாளின் மீது கோபம் கொள்ளக்கூடும். நமக்குக் கோபம் வரவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்று மாதங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில், அந்தப் பெண் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "டீச்சர், இந்த மருந்தை இழுக்கிறதாலே குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?" என்று கேட்டாள். நாம் வைத்தியம் படித்தவர்களல்ல, பி.ஏ. பட்டமும் இருபது வருஷ உபாத்திமைத் தொழிலுந்தான் நம்முடைய மூலதனம். ஆயினும் தெரியாது என்று சொல்வதற்கு நாக்கு எழவில்லை. "கர்ப்ப காலத்தில் கூடிய மட்டும் மருந்தைத் தவிர்ப்பதே நல்லதம்மா" என்று பெரிய நிபுணரைப்போல் சொல்லிவிட்டோம். டீச்சர் சொன்ன வார்த்தை அந்த வீட்டில் வேதவாக்காயிற்று. அரிசிப் பானைக்குள் இன்ஹேலரைப் போட்டது மாமியாரின் கையாக இருக்கலாம். போடச் சொன்னது நம்முடைய வாய்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பிராணவாயு வைத்தார்கள். ஆவியாக மருந்தைச் செலுத்தினார்கள். ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். கிழக்கு வெளுக்கும் தறுவாயில் சீழ்க்கை ஓசை அடங்கிற்று. வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இருதயத் துடிப்பைக் கேட்டுவிட்டு, அந்த இளம் வயது லேடி டாக்டர் நம் பக்கம் திரும்பினார்.

"மருந்தினால் குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று எல்லாரும் பயந்தீர்கள். மூச்சு இல்லாமற் போனால் குழந்தைக்கு என்ன ஆகும் என்று ஒருவராவது கேட்டீர்களா?" என்றார்.

நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பதிலைத் தேடிக் கொண்டுதான் பல மாத காலம் புஸ்தகங்களையும் வைத்தியப் பத்திரிகைகளையும் புரட்டினோம். டாக்டர்களைக் கேட்டுத் தெளிவு பெற்றோம். அறிந்துகொண்டதை நம் சகோதரிகளின் முன் வைப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

கருவில் இருக்கும் குழந்தை எவ்வாறு மூச்சு விடுகிறது?

விடுவதே இல்லை என்பதுதான் விடை. அதன் நுரையீரல் பிறக்கும் வரையில் வேலை செய்வதில்லை. குழந்தைக்கு வேண்டிய பிராணவாயு முழுவதையும் தாயின் நுரையீரலே சம்பாதித்து, நஞ்சுக்கொடி வழியாக அனுப்ப வேண்டும். குழந்தை நல்ல நாளிலேயே மிகக் குறைந்த பிராணவாயுவில் குடித்தனம் நடத்துவது. சுகமாக இருக்கும் தாயின் தமனி இரத்தத்தில் பிராணவாயுவின் அழுத்தம் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் என்றால், தொப்புள் கொடி வழியாகக் குழந்தைக்கு வந்து சேரும் இரத்தத்தில் அது சுமார் 30 மில்லிமீட்டர்தான். இவ்வளவு சொற்ப வருமானத்தில் காலந்தள்ளும் குடும்பத்தில் மேலும் கொஞ்சம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை நாம் விவரிக்க வேண்டுவதில்லை. தாயின் இரத்தத்தில் பிராணவாயு நிறைவு 95 சதவிகிதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வைத்தியர்கள் கர்ப்பிணிகள் விஷயத்தில் கண்டிப்பாக இருப்பது இதனால்தான்.

கர்ப்பிணிக்கு மூச்சு வாங்குவது சகஜந்தானே என்று சிலர் கேட்பார்கள். உண்மையே. கர்ப்ப காலத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் ரஸம் மூச்சைத் தூண்டிவிடுகிறது. ஒரு நிமிஷத்தில் உள்ளிழுக்கும் காற்றின் அளவு நூற்றுக்கு நாற்பது பங்கு வரையில் பெருகுகிறது. வளரும் கருப்பை உதரவிதானத்தை நாலு சென்டிமீட்டர் வரை மேலே தள்ளுகிறது. ஆகவே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நோயல்ல. ஆனால் மார்பில் சீழ்க்கை ஓசை கேட்டாலும், இரவில் இருமல் எழுப்பிவிட்டாலும், பேச்சு பாதியில் நின்று மூச்சு வாங்கினாலும் அது கர்ப்பத்தின் விளையாட்டல்ல, இழுப்பின் வேலையேயாகும்.

கர்ப்பமான ஆஸ்துமாக்காரர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் தணிகிறது. ஒரு பங்கினருக்கு அப்படியே இருக்கிறது. மற்றொரு பங்கினருக்கு அதிகமாகிறது. இன்னாருக்கு இன்னபடி என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. அதிகமாகும் காலம் பெரும்பாலும் ஆறாவது மாதத்திலிருந்து எட்டாவது மாதம் வரை. கடைசி மாதத்தில் பலருக்குத் தணிந்துவிடும். நம் பெண்ணுக்கு இழுப்பு வந்தது ஆறாவது மாதம் என்பதை நேயர்கள் கவனிக்கலாம்.

பயம் எங்கிருந்து வந்தது?

கர்ப்பிணி மருந்து சாப்பிட அஞ்சுவது மூடத்தனம் என்று சொல்லிவிட முடியாது. அந்த அச்சத்துக்குச் சரித்திரம் உண்டு. 1957-ஆம் வருஷம் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. மிகவும் சாதுவான மருந்து என்று விளம்பரம் செய்தார்கள். மசக்கைக்கும் அதைக் கொடுத்தார்கள். 1961-ஆம் வருஷக் கடைசியில் அது நிறுத்தப்படுவதற்குள், கை கால் குறைவுபட்ட குழந்தைகள் பல தேசங்களில் 10,000-க்கு மேல் பிறந்துவிட்டன. அமெரிக்காவில் பிரான்ஸிஸ் கெல்ஸி என்ற மாதரசி, போதிய சான்று இல்லை என்று அனுமதி மறுத்தபடியால் அந்நாட்டுக் குழந்தைகள் பெரும்பாலும் தப்பின. அன்று முதல் உலகத்துத் தாய்மார்களின் மனத்தில், மருந்து என்றாலே ஒரு திகில் குடிபுகுந்துவிட்டது. அதில் தவறொன்றுமில்லை.

ஆனால் தாலிடோமைடு கற்பித்த பாடம் எல்லா மருந்தையும் எறிந்துவிடு என்பதல்ல. எந்த மருந்தையும் சோதித்துப் பார்த்துச் சான்று கேள் என்பதே. கெல்ஸி அம்மையார் செய்தது அதுதான். நாமோ சான்றும் கேட்கவில்லை, கணக்கும் பார்க்கவில்லை.

இந்தத் திகில் வைத்தியர்களையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பகுதிகளில் நடந்த ஓர் ஆராய்ச்சி 1999-இல் வெளியாயிற்று. இழுப்பு முற்றி வந்த பெண்களில் கர்ப்பமில்லாதவர்களுக்கு நூற்றுக்கு 66 பேர் வீதம் ஸ்டீராய்டு கொடுத்த டாக்டர்கள், கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 44 பேருக்குத்தான் கொடுத்தார்களாம். பலன் என்ன? இரண்டு வாரம் கழித்தும் இழுப்பு ஓயாமல் அவஸ்தைப்பட்டவர்கள் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். தயவு என்று நினைத்துச் செய்தது உபத்திரவமாக முடிந்தது.

கணக்கு என்ன சொல்லுகிறது?

ஸ்வீடன் தேசத்தில் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றையும், தாய் உட்கொண்ட மருந்து உட்பட, பதிவு செய்து வைக்கும் ஏற்பாடு உண்டு. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பியூடசோனைடு என்னும் இழுப்புத் தடுப்பு மருந்தை இன்ஹேலர் மூலம் இழுத்துவந்த தாய்மார்களின் 2,014 குழந்தைகளை அந்தப் பதிவிலிருந்து எடுத்து ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார்கள். பிறவிக் குறை கண்டவை நூற்றுக்கு 3.8. அந்த நாட்டின் பொதுவான விகிதம் 3.5. இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. எந்த மருந்தையும் தொடாத தாய்மார்களுக்கும் நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகள் ஏதேனும் ஒரு குறையுடன் பிறப்பது இயற்கை. அதற்கெல்லாம் மருந்தின் மீது பழி போடுவது நியாயமல்ல.

மறு பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டுமல்லவா? ஆஸ்துமாவுள்ள தாய்மார்களைப் பற்றிப் பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் ஒன்று சேர்த்து 2011-இல் தொகுத்தார்கள். மற்றவர்களைவிட இவர்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறப்பதும், மாதம் நிரம்பாமற் பிறப்பதும் சுமார் நாற்பது சதவிகிதத்துக்கு மேல் அதிகம். இரத்தக் கொதிப்புடன் கூடிய கர்ப்பகால நோய் ஒன்றரை மடங்கு. ஆனால் நோயைச் சரியாகக் கண்காணித்துச் சிகிச்சை செய்தவர்களிடையே குறைப் பிரசவ அபாயம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதே வருஷம் ஆஸ்திரேலியாவின் நியூகாஸில் நகரில் 220 கர்ப்பிணிகளைக் கொண்டு ஒரு சோதனை முடிந்தது. அவர்களில் ஒரு பாதியினருக்கு, வெளிவிடும் மூச்சிலுள்ள நைட்ரிக் ஆக்ஸைடு வாயுவை அளந்து, அதற்கேற்ப மருந்தைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்தார்கள். அவ்வாறு செய்ததில் இழுப்பு முற்றுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்துத்தான் அமெரிக்காவின் தேசிய ஆஸ்துமாக் குழு 2004-ஆம் வருஷம் ஒரு முடிவு கூறிற்று. கர்ப்பிணி இழுப்போடு அவதிப்படுவதைவிட மருந்தை உட்கொள்வதே தாய்க்கும் சேய்க்கும் பத்திரமானது என்பதே அது. உலக ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டிகளும் அதையே வற்புறுத்துகின்றன.

ஊமத்தையும் ஆடாதோடையும்

"இங்கிலீஷ் மருந்துதானே வேண்டாம், நம் நாட்டு மூலிகை சாப்பிடலாமே" என்று சொல்பவர்கள் நம் ஊரில் ஏராளம். நாட்டு மருந்தில் நமக்கும் அபிமானம் உண்டு. மேனாட்டாருக்கு ஆஸ்துமா மருந்து ஒன்றைக் கற்றுக்கொடுத்ததே நம் சென்னைதான் என்றால் நேயர்கள் ஆச்சரியப்படுவார்கள். இந்நாட்டார் ஊமத்தையைப் புகைத்து மூச்சுத் திணறலைத் தணித்துக்கொள்வதைக் கண்டு, சென்னையில் தலைமை வைத்தியராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்ஸன் என்பவர், ஜென்ட் என்ற தளபதிக்குச் சொன்னார். அவர் 1802-இல் அதை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். பிற்பாடு பாரிஸ் நகரத்து வைத்தியர்களும் ஊமத்தைச் சுருட்டை எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சு நாவலாசிரியர் மார்ஸெல் புரூஸ்த் இத்தகைய சுருட்டுகளையும் பொடிகளையும் புகைத்தே காலந்தள்ளினார். ஊமத்தைச் சத்தின் பங்காளியான அட்ரோப்பீனைச் சீர்திருத்திச் செய்ததுதான் இன்று ஆஸ்பத்திரியில் ஆவியாகக் கொடுக்கும் இப்ராட்ரோப்பியம். ஆனால் ஊமத்தை விஷச் செடி. அதை இன்று யாரும் புகைக்கக் கூடாது. விஷத்தை விலக்கிக் குணத்தை எடுத்துக்கொண்டதே விஞ்ஞானத்தின் வேலை.

ஆடாதோடையின் கதை இன்னும் முக்கியமானது. இருமலுக்கும் இழுப்புக்கும் அதைக் கஷாயம் வைத்துக் கொடுப்பது நம் பாட்டிமார் கண்ட முறை. அதிலுள்ள வாசிஸீன் என்ற சத்தை மூலமாகக் கொண்டே புரோம்ஹெக்ஸின் என்ற கோழை இளக்கும் மருந்து உண்டாயிற்று. ஆனால் அதே வாசிஸீனுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் சக்தியும் உண்டு. ஜம்முவிலிருந்த மண்டல ஆராய்ச்சிக் கூடத்தார் இதைப் பிராணிகளிடம் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். ஆகையால் கர்ப்பிணிக்கு ஆடாதோடைக் கஷாயம் ஆகாது. இன்ஹேலரை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டுக் கஷாயத்தைக் கொடுத்தால், காப்பாற்றக்கூடியதைத் தள்ளிவிட்டுக் கெடுதல் செய்யக்கூடியதைக் கையில் எடுத்தவர்களாகிறோம். பெயர் இல்லாமல் பொட்டலத்தில் விற்கும் பொடிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவற்றில் அளவில்லாத ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் பல முறை வெளியாகியிருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

வகுப்பறைப் பழக்கம் நம்மை விடவில்லை. ஆகையால் ஒரு கணக்குப் போடுவோம். ஸல்ப்யூட்டமால் என்ற மருந்து 1969 முதல் வழக்கத்தில் இருப்பது. இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வெளிப்படுவது 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையாக வந்தால் 2 மில்லிகிராம் அல்லது 4 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம். ஆகவே 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று இன்ஹேலரை நாற்பது முறை அழுத்துவதற்குச் சமம்! மேலும் மாத்திரை வயிற்றில் கரைந்து இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நுரையீரலுக்கு வருகிறது. இன்ஹேலரோ மருந்தை நேரே சுவாசக் குழாய்களுக்கே அனுப்புகிறது. இரத்தத்தில் கலப்பது கொஞ்சம். குழந்தைக்குப் போவது அதிலும் கொஞ்சம். "மாத்திரை சாது, இன்ஹேலர் கடுமை, ஒரு தரம் பிடித்தால் விடாது" என்று ஊரார் சொல்வது கணக்கின்படி தலைகீழ்ப் பாடம்.

எல்லா மருந்தும் ஒன்றல்ல

இவ்வளவு சொன்னதனால் எந்த மருந்தையும் மனம்போல் விழுங்கலாம் என்று யாரும் அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். இழுப்பு மருந்துகளில் இரு வகை உண்டு. முட்டும் மூச்சை உடனே திறந்துவிடுவது ஒன்று. ஸல்ப்யூட்டமால் அந்த வகை, பெரும்பாலும் நீல நிறக் குப்பியில் வருவது. சுவாசக் குழாயின் வீக்கத்தை நாள்தோறும் அடக்கி வைப்பது மற்றொன்று. பியூடசோனைடு, பெக்லோமெதஸோன் முதலியவை அந்த வகை. முன்னது தீயணைக்கும் தண்ணீர். பின்னது தீப்பிடிக்காமல் காக்கும் காவல். சுகமாக இருக்கிறதே என்று காவலை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் நம்புவது அறிவீனம். கர்ப்பத்திலும் இரண்டையும் டாக்டர் சொன்னபடி தொடரலாம், தொடர வேண்டும். தியோபிலின் கொடுத்தால் இரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டும்.

வாய் வழியாகக் கொடுக்கும் ஸ்டீராய்டுக்கு மட்டும் ஒரு குறிப்பு அவசியம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அதை உட்கொண்டவர்களின் குழந்தைகளுக்கு உதடு, அண்ணப் பிளவு சிறிதளவு அதிகமாகக் காணப்பட்டதாகப் பழைய ஆராய்ச்சிகள் சில கூறுகின்றன; அப்போதும் ஆயிரத்தில் சில குழந்தைகளுக்குத்தான். பிரெட்னிஸோலோனின் பெரும் பகுதியை நஞ்சுக்கொடியே செயலற்றதாக்கிவிடுகிறது. ஆகவே இழுப்பு முற்றி உயிருக்கே ஆபத்து என்னும்போது ஸ்டீராய்டைத் தடுப்பது, வெள்ளத்தில் போகிறவனுக்குக் கயிறு சொரசொரப்பாயிருக்கும் என்று சொல்லித் தடுப்பது போலாகும்.

இழுப்புக்காரக் கர்ப்பிணிக்கு ஆகாத மருந்துகள் வேறு பக்கத்திலிருந்து வரக்கூடும். கர்ப்ப காலத்து இரத்தக் கொதிப்புக்குப் பொதுவாகக் கொடுக்கும் லாபெட்டலால் சுவாசக் குழாயை இறுக்கிவிடலாம். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கை நிறுத்தப் போடும் கார்போப்ரோஸ்டு ஊசியும் அத்தகையதே. ஆக்ஸிடோஸின் ஊசிக்கு அந்தத் தோஷமில்லை. ஆஸ்பிரின், ஐப்யூப்ரொஃபென் ஆகியவை சிலருக்கு இழுப்பை மூட்டும். ஆகவே, "எனக்கு ஆஸ்துமா உண்டு" என்பதை முதல் பரிசோதனை முதல் பிரசவ அறை வரையில், பார்க்கும் டாக்டர், நர்ஸ் ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கர்ப்பச் சோதனை அட்டையின் மேற்புறத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது உத்தமம். வெட்கப்படுவதற்கு இது குற்றமல்ல.

அடுப்புப் புகை

மருந்தைப் பற்றியே பேசிக்கொண்டு நோயைத் தூண்டும் புகையை மறந்துவிடலாகாது. நம் காரைக்காலை அடுத்திருக்கும் நாகப்பட்டினம் ஜில்லாவிலேயே இதற்கு அருகான ஓர் ஆராய்ச்சி நடந்தது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. குவாதமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு தேசங்களில் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து, ஒரு பாதியினருக்குக் காஸ் அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகக் கொடுத்தார்கள். இந்தியாவுக்குரிய 800 பேரும் தமிழ்நாட்டவர்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் இங்கு அதை நடத்தியவர்களுள் முதல்வர். விறகடுப்பை விட்டவர்கள் சுவாசித்த நுண் தூசி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடையில் எதிர்பார்த்த வித்தியாசம் காணப்படவில்லை என்று 2022-இல் உள்ளபடியே வெளியிட்டார்கள். விரும்பிய முடிவு வராதபோதும் மறைக்காமற் சொல்வதே விஞ்ஞானத்தின் கௌரவம்.

இது ஆஸ்துமாவைப் பற்றிய சோதனையல்ல. எடையில் மாற்றம் காணாவிட்டாலும், இழுப்புள்ளவளின் சுவாசக் குழாய்க்குப் புகை பகை என்பதில் ஐயமில்லை. விறகுப் புகை மட்டுமா? கொசுவர்த்திச் சுருள், தலை காயவைக்கப் போடும் சாம்பிராணி, தீபாவளி வெடி, பக்கத்தில் பிடிக்கும் பீடி, நெல் தூற்றும் தூசி எல்லாம் அதில் சேர்ந்தவையே. கர்ப்பிணி இருக்கும் அறையில் இவற்றை விலக்குவதற்குக் காசு ஒன்றும் செலவில்லை.

தேசத்துக்கு ஒரு வார்த்தை

உலகத்து ஆஸ்துமா நோயாளிகளில் நூற்றுக்கு 13 பேர் இந்தியர்கள். ஆஸ்துமாவால் மாள்பவர்களிலோ நூற்றுக்கு 42 பேர் இந்தியர்கள் என்று உலக நோய்ச் சுமை ஆராய்ச்சி மதிப்பிட்டிருக்கிறது. மருந்துக்குப் பஞ்சமா? இல்லை. 1935-இல் கே. ஏ. ஹமீது என்ற தேசபக்தர் பம்பாயில் தொடங்கி, 1939-இல் மகாத்மா காந்தியே நேரில் வந்து பார்வையிட்ட சிப்லா கம்பெனி, இன்று இன்ஹேலர்களைச் செய்து பல தேசங்களுக்கு அனுப்புகிறது. நம் மண்ணில் செய்த மருந்தை அயல்நாட்டுத் தாய் பயமின்றி உபயோகிக்கிறாள்; நம் வீட்டுப் பெண்ணோ கைப்பையில் ஒளித்து வைக்கிறாள், அல்லது நாமே அரிசிப் பானைக்குள் போட்டுவிடுகிறோம். கல்யாணச் சந்தையில் பெண்ணுக்கு இழுப்பு உண்டு என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்ற பயம் இதற்கெல்லாம் வேர். மறைக்கத் தொடங்கிய மருந்தை மாமியார் வீட்டில் எப்படி வெளியே எடுப்பாள்?

செய்ய வேண்டுவன யாவை? கர்ப்பம் என்று அறிந்தவுடன் மருந்தை நிறுத்தாமல், மருந்தோடு டாக்டரிடம் போக வேண்டும். இன்ஹேலரை இழுக்கும் முறையை அவர் முன் செய்து காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். ஸ்பேஸர் என்ற குழாயோடு இழுத்தால் நுரையீரலுக்கு அதிகம் போய்ச் சேரும். இழுத்த பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது மூச்சைச் சோதித்துக்கொள்ள வேண்டும். 2016 முதல் மாதந்தோறும் 9-ஆம் தேதி சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கும் ஏற்பாடு உண்டு. நம் காரைக்காலில் அரசினர் பொது ஆஸ்பத்திரியோடு, அதே 2016 முதல் ஜிப்மரின் கிளைக் கல்லூரியும் இருக்கிறது. ஃப்ளூ தடுப்பூசியை டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். நிவாரண மருந்தை இழுத்தும் தணியாவிட்டால், பேச முடியாமற் போனால், உதடு நீலம் பாரித்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். குழந்தை பிறந்த பிறகும் இன்ஹேலரை நிறுத்த வேண்டுவதில்லை. தாய்ப்பாலுக்கு அதனால் தீங்கில்லை.

நம்மைப் போன்ற உபாத்தியாயினிகளுக்கும் ஒரு வார்த்தை. ஊரார் நம்மை நம்பிக் கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்லுவோம். தெரியாததை, "தெரியாதம்மா, வா, டாக்டரைக் கேட்போம்" என்று சொல்லக் கற்போம். அந்த ஆடி மாதத்துத் திண்ணையில் நாம் சொல்லியிருக்க வேண்டிய விடை அவ்வளவுதான்.

நம் பெண் அதன் பிறகு ஒரு நாளும் மருந்தை நிறுத்தவில்லை. தை மாதக் கடைசியில் ஆண் குழந்தை பிறந்தது. சற்றே எடை குறைவு; குரல் மட்டும் குறைவில்லை. ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா வந்தது. இறைவனே 'அம்மையே' என்று அழைத்த காரைக்கால் அம்மையார் பிறந்த ஊரில், வீட்டு மாடிகளிலிருந்து ஜனங்கள் மாங்கனிகளை வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை வரம் வேண்டிய பெண்கள் மடியை ஏந்தி நின்றார்கள். கூட்டத்தில் நம் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தூசியும் நெரிசலுமாயிருந்ததனால் லேசாக இருமினாள். உடனே மாமியார் தம் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, அதிலிருந்து நீலக் குப்பியை எடுத்து, "இந்தா, இழு" என்று நீட்டினார்.

பிறகு நம்மைப் பார்த்துச் சிரித்தார். "டீச்சரம்மா, இனிமே எங்க வீட்டு அரிசிப் பானையிலே அரிசிதான் இருக்கும்" என்றார்.